வரைபடத்தில் மொத்தமாக வந்து சேர்ந்த தெருக்கள்: இறக்குமதித் தரவைச் சரிபார்ப்பது எப்படி?

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அமெரிக்காவின் கிராமப்புறம் எதையாவது பெரிதாக்கிப் பாருங்கள். சில இடங்களில் காட்டுக்கு நடுவே ஒரு தெரு ஓடும். குடியிருப்புச் சாலை என்று வரைபடம் அதற்குப் பெயர் கொடுத்திருக்கும். பின்னணியில் செயற்கைக்கோள் படத்தைப் போட்டால் வீடு ஒன்றும் இருக்காது, மரங்களுக்கு இடையே ஒரு வண்டித்தடம் மங்கலாகத் தெரிந்தால் உண்டு. குறும்புக்காக யாரும் அதை வரையவில்லை. அரசு அமைப்பு ஒன்றின் கோப்பிலிருந்து லட்சக்கணக்கான சாலைகளோடு சேர்ந்து அதுவும் உள்ளே வந்தது, அவ்வளவுதான்.

இப்படி வேறொருவர் திரட்டிய தரவை மென்பொருள் மூலம் மொத்தமாக வரைபடத்தில் ஏற்றுவதை இறக்குமதி என்கிறார்கள். ஏற்றியதை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சரி, இது தவறு என்று தீர்ப்பது சரிபார்ப்பு. ஏற்றும் வேலையைச் சிலர் சேர்ந்து சில மாதங்களில் முடித்துவிடலாம். சரிபார்க்கும் வேலை பல ஆண்டுகள் இழுக்கும், ஆயிரக்கணக்கானோர் கை வைக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வரைபடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அந்த நாட்டு அரசின் நில அளவைத் தரவைப் பயன்படுத்தப் பணமும் கட்ட வேண்டும், நிபந்தனைகளுக்கும் உட்பட வேண்டும் என்ற நிலை இருந்த காலம் அது. சரி, நாமே வரைந்துகொள்வோம் என்று கிளம்பிய முயற்சிதான் இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. கணக்குத் தொடங்கும் யாரும் திருத்தலாம். உள்ளே இருப்பவை மூன்றே வகை: புள்ளி, புள்ளிகளைக் கோத்த கோடு, இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் உறவு. எது என்ன பொருள் என்பதை டேக்குகள் எனப்படும் குறிச்சொற்கள் சொல்லும். ஒரு கோட்டில் ‘ஹைவே = ரெசிடென்ஷியல்’ என்று டேக் இருந்தால் அது குடியிருப்புச் சாலை. அந்த டேக்கை மாற்றினால் அதே கோடு வண்டித்தடமாகவோ நடைபாதையாகவோ ஆகிவிடும்.

ஒருவர் தெருவில் நடந்து, ஜிபிஎஸ் பதிவோடு வீட்டுக்கு வந்து வரைந்த சாலைக்கும், இறக்குமதியாக வந்த சாலைக்கும் திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நடந்து வரைந்தவர் தவறு செய்திருந்தால் அவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கலாம். அவருக்கு அந்த இடம் தெரியும். இறக்குமதி செய்தவரிடம் குறிப்பிட்ட ஒரு தெருவைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? அவர் அந்தத் தெருவைப் பார்த்ததே கிடையாது. மூலத் தரவைத் திரட்டிய அலுவலர் எங்கோ இருப்பார், அவருக்கு இப்படி ஒரு வரைபடம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.

அதனால் சரிபார்க்க வருபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தரவை யார், எதற்காகத் திரட்டினார்கள்? என் அனுபவத்தில், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எந்த வேலைக்காகத் திரட்டினார்களோ அந்த வேலைக்குத் தேவையானது துல்லியமாக இருக்கும், தேவையில்லாதது ஏனோதானோவென்று இருக்கும். நோக்கம் தெரிந்துவிட்டால் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்பது பாதி தெரிந்த மாதிரி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, மேலே சொன்ன அமெரிக்கச் சாலைகள். அவை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பின் ‘டைகர்’ என்ற தரவுத்தொகுதியிலிருந்து 2007, 2008 ஆண்டுகளில் ஏற்றப்பட்டவை. அந்த நாட்டின் கூட்டாட்சி அரசு உருவாக்கும் தரவுக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது என்பதால் உரிமச் சிக்கல் இல்லை. ஏறக்குறைய வெறுமையாக இருந்த ஒரு நாட்டு வரைபடத்தில் நாடு முழுவதற்குமான சாலைகள் வந்து சேர்ந்தன.

ஆனால் கணக்கெடுப்பவருக்கு என்ன தேவை? எந்த வீடும் விடுபடக் கூடாது, எந்த வீடும் இரண்டு முறை எண்ணப்படக் கூடாது. அதற்கு இந்தச் சாலை எந்த இரண்டு பகுதிகளைப் பிரிக்கிறது, அதன் பெயர் என்ன, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வீடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது தெரிந்தால் போதும். சாலை உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து பல மீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தாலும் எண்ணிக்கை கெடாது. வளைந்து நெளியும் மலைச்சாலையை நாலைந்து நேர்கோடுகளாகப் போட்டாலும் கெடாது. ஒருவழிப் பாதையா என்பது அவருக்கு வேண்டாத விஷயம். ஊருக்குள் இருக்கும் தெருவையும் காட்டுக்குள் போகும் தடத்தையும் ஒரே வகை எண்ணில் போட்டு வைத்தாலும் அவர் வேலை நடக்கும். இறக்குமதியின்போது அந்த வகை எண் அப்படியே குடியிருப்புச் சாலை என்று மாற்றப்பட்டது. காட்டுக்குள் தெரு முளைத்த கதை இதுதான்.

இதைவிட வம்பான பிழை மேம்பாலங்களில் இருந்தது. நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு சின்னச் சாலை பாலத்தில் கடக்கிறது என்று வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப முடியாது. பல இடங்களில் இறக்குமதியான தரவில் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியில் இணைந்திருந்தன. வழிகாட்டும் மென்பொருளுக்கு அது சாதாரண நாற்சந்தி. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும் வண்டியை அந்த இடத்தில் வலது பக்கம் திரும்பச் சொல்லும். அப்புறம் மாவட்ட எல்லைகள். அங்கே ‘கவுன்டி’ எனப்படும் மாவட்டத்துக்கு ஒரு கோப்பு என்று தரவு பிரிந்திருந்தது. எல்லையைத் தாண்டும் சாலை கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையாகவும் அந்தப் பக்கம் ஒரு முனையாகவும் ஒட்டாமல் நின்றது. எல்லை ஓரமாகவே ஓடும் சாலை இரண்டு முறை வந்தது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். வழி கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். அங்கே ‘நாப்டன்’ என்ற பெயரில் பேருந்து நிறுத்தங்கள், ரயில் நிலையங்கள் முதலியவற்றின் தரவுத்தொகுதியை அரசின் போக்குவரத்துத் துறை பராமரிக்கிறது. பயணத் திட்டமிடலுக்காக உருவானது. அதனால் நிறுத்தத்தின் இடம், பெயர், அடையாள எண் ஆகியவை கவனமாக இருக்கும். சாலையின் இரு பக்க நிறுத்தங்களும் தனித்தனிப் பதிவாக இருக்கும். 2009 வாக்கில் இது ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப்பட்டபோது ‘நாப்டன்:வெரிஃபைடு = நோ’ என்ற டேக் சேர்க்கப்பட்டது. இன்னும் யாரும் பார்க்கவில்லை என்பதற்கான அடையாளம் அது. அமெரிக்கச் சாலைகளிலும் இதே போல ‘டைகர்:ரிவ்யூட் = நோ’ உண்டு. நேரில் பார்த்து உறுதி செய்தவர் அந்த டேக்கை எடுத்துவிட வேண்டும் என்பது வழக்கம்.

ஒரே ஒரு நிறுத்தத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம். வரைபடத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டால் டேக்குகள் வரிசையாகத் தெரியும்: பெயர், அடையாள எண், தெருவின் பெயர், அருகில் இருக்கும் கட்டடம். இன்னொன்று, பேருந்து அங்கிருந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பது. இந்தக் கடைசி டேக்கைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். திசை வடக்கு என்று இருந்தால் நிறுத்தம் சாலையின் மேற்கு ஓரத்தில்தான் இருக்க வேண்டும். புள்ளி கிழக்கு ஓரத்தில் விழுந்திருந்தால் இடமோ திசையோ ஏதோ ஒன்று தவறு. இருந்த இடத்திலேயே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். எது தவறு என்பதை நேரில் போனால்தான் சொல்ல முடியும்.

நேரில் போனால் கம்பத்தில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படித்து, வரைபடத்தில் இருக்கும் பெயரோடு ஒப்பிட வேண்டும். கம்பம் எந்த ஓரத்தில் இருக்கிறது, நிழற்குடை இருக்கிறதா, உட்கார இடம் இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். கம்பமே இல்லையென்றால்? உடனே அழித்துவிடக் கூடாது. பலகையோ கம்பமோ எதுவும் இல்லாமல், வழக்கமாகப் பேருந்து நிற்கும் இடங்களும் அந்தத் தரவில் உண்டு. அவற்றுக்குத் தனி வகைக்குறியே இருக்கிறது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் அது நிஜமான நிறுத்தம். நடந்து போகிறவரின் கண்ணுக்குத்தான் தெரியாது. அந்த வகைக்குறியைப் பார்க்காமல் அழித்தவர், தான் பிழையைத் திருத்தியதாகவே நினைத்துக்கொள்வார்.

இன்னொரு சிக்கல், இரட்டைப் புள்ளி. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர் முன்பே அதே நிறுத்தத்தை வரைந்திருப்பார். இறக்குமதியில் அதுவே சில மீட்டர் தள்ளி மறுபடி வந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். பொதுவாகப் பழைய புள்ளியை வைத்துக்கொண்டு, புதியதில் இருக்கும் அடையாள எண் முதலிய டேக்குகளை அதற்கு மாற்றிவிட்டு, புதியதை நீக்குவார்கள். பழைய புள்ளியின் திருத்த வரலாறு அப்போதுதான் அறுந்துபோகாமல் இருக்கும். நேரில் பார்த்து வரைந்தவரின் உழைப்பை இறக்குமதி மூடி மறைப்பது இந்தச் சமூகத்தில் பெரிய குற்றமாகவே பார்க்கப்படுகிறது. அது நியாயம்தான்.

புள்ளிகள் இடம் தவறி விழுந்திருக்கும்போது, எப்படித் தவறியிருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் விலகியிருந்தால் மூலத் தரவில் பிழை. எல்லாமே ஒரே திசையில், ஒரே தூரம் நகர்ந்திருந்தால் ஆயத்தொலைவுகளை மாற்றிய கணக்கில் பிழை. பிரிட்டனுக்கென்றே உள்ள ஆயத்தொலைவு முறையான தேசியக் கட்ட அமைப்பில் இருப்பதை ஜிபிஎஸ் பயன்படுத்தும் முறைக்கு மாற்றும்போது ஒரு படியை விட்டுவிட்டால் எல்லாம் சுமார் 100 மீட்டர் தள்ளிப்போகும். இதைக் கையால் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்யத் தொடங்காதீர்கள். ஏற்றியவருக்குச் சொன்னால் அவர் மொத்தமாகத் திரும்பப் பெற்று, சரியாக மாற்றி, மறுபடி ஏற்றலாம். நீங்கள் பாதியைக் கையால் நகர்த்திய பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு சரிபார்க்கலாம் என்ற கேள்வி அடிக்கடி வரும். கோட்டின் வடிவம், கட்டடம் இருக்கிறதா இல்லையா, பாலமா சந்திப்பா, இவையெல்லாம் படத்தில் தெரியும். சாலையின் பெயர், ஒருவழியா என்பது, கடையா வீடா, கதவு எண், இவை தெரியாது. படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அது பழையதாக இருக்கலாம். மலைப்பகுதிகளில் படமே சில மீட்டர் விலகிப் பொருத்தப்பட்டிருக்கும். ஊரில் இருக்கும் எல்லாச் சாலைகளும் படத்திலிருந்து ஒரே அளவு விலகித் தெரிந்தால், சாலைகளை இழுப்பதற்கு முன் பலர் பதிவேற்றிய ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிடுங்கள். தடங்கள் சாலைகளோடு ஒத்துப்போனால் நகர வேண்டியது படம். பின்னணிப் படத்தை நகர்த்திக்கொள்ளும் வசதி, வரைபடத்தைத் திருத்தும் மென்பொருளான எடிட்டரிலேயே இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கூகுள் மேப்ஸ் போன்ற வணிக வரைபடத்தைப் பார்த்துச் சரிபார்க்கக் கூடாது. அதில் இருக்கும் பெயரைப் பார்த்து இங்கே எழுதுவது உரிமமீறல்.

இப்போது அந்த ‘நோ’ டேக்குக்குத் திரும்புவோம். அதை எடுப்பது ஒரு சொடுக்கு வேலை, அதனால்தான் ஆபத்து. பார்க்காமலே எடுப்பவர்கள் உண்டு. இன்னும் சரிபார்க்காதவை என்று காட்டும் குறிகளைக் குறைக்க வேண்டும் என்ற ஆர்வம் அவர்களுக்கு. தலைகீழாகவும் நடக்கிறது: சாலையை அழகாகத் திருத்திவிட்டு டேக்கை எடுக்க மறந்துபோவார்கள். ஆகவே டேக் இல்லாததால் பார்த்தாயிற்று என்றோ, இருப்பதால் பார்க்கவில்லை என்றோ முடிவு கட்ட முடியாது. வரலாற்றைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனையாவது பதிப்பு, கடைசியாகத் தொட்டவர் யார் என்ற பதிவு இருக்கிறது. முதல் பதிப்பிலேயே நிற்கிறதென்றால் ஏற்றிய பிறகு அந்தப் பொருளை யாரும் திருத்தவில்லை. பதிப்பு எண் கூடியிருந்தாலும் உஷார்: சாலைப் பெயர்களில் இருக்கும் சுருக்கங்களை விரித்தெழுதுவது போன்ற வேலைகளைத் தானியங்கி நிரல்கள் செய்திருக்கும். எண் ஏறியிருக்கும், மனிதக் கண் பட்டிருக்காது. ஒரு பகுதியை மட்டும் பார்த்திருந்தால் டேக்கை விட்டுவைத்து, எதைப் பார்த்தீர்கள் என்பதை ஒரு குறிப்பாக எழுதுங்கள். பெயரை உறுதிசெய்தது வேறு, வடிவத்தை உறுதிசெய்தது வேறு.

இருப்பதை உறுதிசெய்வது எளிது. இல்லாததை உறுதிசெய்வது கடினம். அமெரிக்காவின் இடப்பெயர்த் தரவுத்தொகுதி ஒன்றிலிருந்து பள்ளிகள், தேவாலயங்கள், மருத்துவமனைகள் என்று ஏராளமான புள்ளிகள் வந்தன. அந்தத் தொகுதியின் வேலை பெயர்களைப் பதிவுசெய்வது. ஒரு பெயர் ஒரு காலத்தில் வழக்கில் இருந்தது என்பதே அதற்குப் போதும். எப்போதோ மூடப்பட்ட பள்ளி இன்றும் நடப்பது போல வரைபடத்தில் நிற்பதற்கு இதுதான் காரணம். புள்ளியும் தோராயமாகத்தான் இருக்கும் என்பதால், அங்கே போய்ப் பள்ளியைக் காணவில்லை என்றால் மூடப்பட்டதா, அடுத்த தெருவில் இருக்கிறதா என்று உடனே தெரியாது. கட்டடம் இருந்து பள்ளி இல்லையென்றால், பயன்பாட்டில் இல்லை என்று சொல்லும் முன்னொட்டை டேக்கில் சேர்ப்பார்கள். எதுவுமே இல்லையென்று உறுதியானால் நீக்கலாம். நீக்கியது வரலாற்றில் இருக்கும், மீட்கவும் முடியும், அதனால் ரொம்பவும் பயப்பட வேண்டாம்.

கருவிகள் நிறைய உண்டு. ‘மேப்ரூலெட்’ சந்தேகத்துக்குரிய இடங்களை ஒவ்வொன்றாக முன்னால் வைக்கும். திருத்திவிட்டேன், பிழையே இல்லை, என்னால் முடியவில்லை என்று பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ கைபேசிச் செயலி, நிற்கும் இடத்துக்கு அருகில் இருப்பவற்றைப் பற்றிச் சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும். ‘ஆஸ்மோஸ்’ தானாகவே முரண்பாடுகளைத் தேடித் தரும். பேரிடர்க் காலங்களில் பயன்படும் ‘டாஸ்கிங் மேனேஜர்’ ஒரு பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, ஒருவர் வரைந்ததை வேறொருவர் சரிபார்க்கும்படி வைத்திருக்கிறது. இவையெல்லாம் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்பு சொல்லாது. நிரல் பிழை என்று காட்டிய இடத்தில் நிஜமாகவே ஒரு விசித்திரமான சாலை இருக்கலாம். அப்போது பிழையே இல்லை என்ற பதில்தான் சரி. வரைபடத்தை நிரலுக்கு ஏற்ப வளைக்கக் கூடாது.

பழைய இறக்குமதிகளில் பட்ட அவதியால், இப்போது ஏற்றுவதற்கு முன்பே விதிகள் இருக்கின்றன. சமூகத்தில் முன்கூட்டியே விவாதிக்க வேண்டும், திட்டத்தை எழுதி வைக்க வேண்டும், தனிக் கணக்கிலிருந்து ஏற்ற வேண்டும், உரிமம் பொருந்த வேண்டும். 2012 முதல் இந்த வரைபடம் ‘ஓபன் டேட்டாபேஸ் லைசென்ஸ்’ என்ற உரிமத்தில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எல்லாத் தரவும் அதற்குப் பொருந்திவிடாது, சிலவற்றுக்கு உரிமையாளரிடம் தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தனிக் கணக்கு ஏன் என்றால், பிரச்சினை வந்தால் அந்த ஏற்றத்தை மட்டும் பிரித்து எடுக்க முடியும்.

இறக்குமதியே கூடாது என்று சொல்பவர்களும் உண்டு. வெறுமையான வரைபடத்தைப் பார்த்தால் நம் தெருவை நாமே போடுவோம் என்று தோன்றும், எல்லாம் நிரம்பியிருந்தால் யாருக்கும் கை வராது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அளவுக்குத்தான் நான் தடை சொல்வேன், இறக்குமதிக்கே இல்லை. அந்தப் பகுதியில் இருக்கும் தன்னார்வலர்களால் பார்த்து முடிக்கக்கூடிய அளவு மட்டும் ஏற்றினால் சிக்கல் இல்லை. பேருந்து நிறுத்தங்களைப் பகுதி பகுதியாக ஏற்றியது அந்த வகையில் புத்திசாலித்தனம்.

செயற்கை நுண்ணறிவு இந்த அளவுக் கணக்கை இன்னும் இறுக்கியிருக்கிறது. 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்காவின் சுமார் 12.5 கோடிக் கட்டட வடிவங்களை வான்படங்களிலிருந்து நிரல் மூலம் பிரித்தெடுத்து வெளியிட்டது. இதற்கும் அதே கேள்விதான்: எதற்காக, எப்படித் திரட்டப்பட்டது? படத்தில் கூரை போலத் தெரிவதை அடையாளம் காணப் பழக்கப்பட்ட நிரல் அது. ஆக, ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் ஒன்றாகியிருக்கலாம், மரம் மறைத்த வீடு விடுபட்டிருக்கலாம், படம் எடுத்த பிறகு இடிக்கப்பட்டது இன்னும் நிற்கலாம். எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது அல்லவா?

தொடங்க நினைப்பவர் நன்றாகத் தெரிந்த ஒரு சின்னப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்த தரவு என்று டேக்குகளிலும் வரலாற்றிலும் தேடுங்கள். திருத்தியதைச் சேமிக்கும்போது என்ன பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். நேரில் பார்த்திருந்தால் நேரில் என்றே எழுதுங்கள். தெரியாததைத் திருத்தாமல் அந்த இடத்தில் ஒரு நோட் போட்டுவிடுங்கள். வரைபடத்தைத் திறக்கும் யாரும் அதைப் படிக்கலாம், பக்கத்தில் இருக்கும் ஒருவர் பதில் சொல்லலாம். நீண்ட நாளாகப் பதிலில்லாமல் கிடக்கும் நோட்டுகளும் நிறைய உண்டு. உங்கள் பரப்பில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாக எதையும் தேடாமலேயே முதல் வேலை கிடைத்துவிடலாம்.